கடைசிப் பக்கத்து முத்திரை

சாப்பாட்டுப் பையிலிருந்து, டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே செருகி வைத்திருந்த அந்த உறையை பஸ் டிரைவர் வெளியே எடுத்தபோது பல்செட்காரருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிறப்பு உறையைக் கொண்டுவருகிற லட்சணமா இது? அவரெல்லாம் இரண்டு பக்கமும் அட்டை வைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருவார். இந்த மனிதருக்கு டப்பா கசிந்தால் என்ன ஆகும் என்ற கவலைகூட இல்லை.

டிரைவர் உறையை மேசைமேல் வைத்தார். பல்செட்காரரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஆற்றுப் பாலத்துக்கு ஐம்பது வயது ஆனதற்காகத் தபால் இலாகா வெளியிட்ட உறை அது. இடப்பக்கம் பாலத்தின் படம், வலப்பக்கம் தபால்தலை, அதன் ஓரத்தில் பாதி ஏறியும் ஏறாமலும் தேதி போட்ட முத்திரை. அந்த முத்திரையை அந்த ஒரு நாள்தான் அடிப்பார்கள். மறுநாள் போய் அழுதாலும் கிடைக்காது. சேகரிப்பாளர் சங்கத்தில் எல்லோரிடமும் அந்த உறை இருந்தது. ஆனால் டிரைவருடைய உறையில் விழுந்திருந்த மாதிரி ஒரு முத்திரை ஒருத்தரிடமும் இல்லை. வட்டம் என்றால் முழு வட்டம். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நின்றன. மை எங்கேயும் தேங்கவில்லை, எங்கேயும் வெளுக்கவில்லை. முத்திரைக்குள் இருந்த பாலத்தின் கம்பிகளைக்கூட எண்ணிவிடலாம்.

தையல்கடை மாடியில் சங்கக் கூட்டம் நடக்கும் சின்ன அறையில் பூதக்கண்ணாடி கை மாறிக்கொண்டே போனது. கடைசியில் சங்கச் செயலாளர் அதை வாங்கிக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுக்கு மேல ஒருத்தரால சீல் அடிக்க முடியாதுங்க" என்றார். பிறகு பல்செட்காரர் பக்கம் திரும்பி, "உங்க வீட்டம்மா கைதானே?" என்றார்.

அந்தக் கை யாருடையது என்று பல்செட்காரருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. வட்டத்தின் தலை வலப்பக்கம் ஒரு பொடி சாய்ந்திருந்தது. இடது கைக்காரர் அடித்தால் அப்படித்தான் சாயும். அந்தத் தபால் நிலையத்தில் இடது கைக்காரர் ஒருத்தர்தான். அவரைத்தான் பல்செட்காரர் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்.

"ஆமா, அவ கைதான்" என்றார். வயிறு எரிந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே சுள்ளென்று ஒன்று ஏறியது. ஏனென்றால் அதே நாள், அதே கவுண்டர், அதே முத்திரை, அதே கை அவருக்கும் ஒரு உறை அடித்துக் கொடுத்திருந்தது. அதில் வட்டத்தின் அடிப்பாகத்தைக் காணோம். வருஷம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருப்புத் திட்டு இருந்தது.

"உங்களுக்கென்ன சார், வீட்டுலயே தபாலாபீஸ்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

பல்செட்காரர் என்று அவரைக் கூப்பிட்டார்களே தவிர, அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் தன் பட்டறையில் மெழுகில் ஈறு செய்து, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். ஒரு பல் அரிசி முனையளவு தள்ளி நின்றாலும் அவர் கண்ணில் குத்தும். அப்படிப்பட்ட கண்ணோடு முத்திரை சேகரிக்க வந்தால் நிம்மதி எங்கிருந்து வரும்?

அவர் சேகரித்தது ஒரே ஒரு தபால் நிலையத்தின் முத்திரைகளை. மனைவி வேலை பார்க்கும் அதே நிலையம்தான். அதன் பழைய முத்திரை, புது முத்திரை, தேதியைத் திருப்ப மறந்துபோய் நேற்றைய நாளோடு அடித்த முத்திரை, வெள்ளம் வந்த வாரத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அடித்த முத்திரை என்று ஆல்பம் நிறைய இருந்தது. ஆண்டுக் கண்காட்சியில் 'ஒரே நிலையம்' என்று ஒரு பிரிவு உண்டு. இந்த வருஷம் அதில் பரிசு தனக்குத்தான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். கடைசிப் பக்கம் மட்டும் காலி. அடுத்த மாதம் அந்த நிலையத்துக்கு நூறு வயது. அதற்கென்று ஒரு சிறப்பு உறை, ஒரு நாள் முத்திரை. அது குறையில்லாமல் விழுந்துவிட்டால் போதும்.

அந்தக் கூட்டத்தின் முடிவில்தான் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நானும் அதே பிரிவுல பேர் குடுத்திருக்கேங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது?

வீட்டில் சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். எதிரில் மாமியார், பக்கத்தில் மனைவி. மாமியார் வாயில் இருந்ததும் மாப்பிள்ளை செய்த பல்செட்தான். அதனால் அவர் சாப்பிட உட்கார்ந்தால் பல்செட்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் தாடையைப் பார்ப்பது வழக்கம். அன்று அந்தக் கண் மனைவி பக்கம் இருந்தது.

"அந்த டிரைவருக்குப் பாலத்து கவர் யார் அடிச்சது?"

"கவுண்டர்ல நான்தானே உக்காந்திருந்தேன். வேற யார் அடிப்பா?"

"ரொம்ப நல்லா விழுந்திருக்கு."

"அப்படியா? சந்தோஷம்."

"எனக்கு அப்படி விழலையே."

"சில நேரம் விழும், சில நேரம் விழாது. இதுக்கெல்லாம் கணக்கா பாக்க முடியும்?"

"அடிக்கடி வருவாரோ?"

மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "எங்க வாசல்லதாங்க அந்த பஸ்ஸோட கடைசி ஸ்டாப். பஸ் வந்தா அவரும் வருவாரு. பஸ் தனியாவா வரும்?"

மாமியார் வாயில் இருந்ததை மென்று முடிக்க முடியாமல் நிறுத்தினார். "மாப்ள, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்களேன். நீங்க பாத்தா இந்தப் பல்லு மெல்லவே மாட்டேங்குது."

"நான் உங்களைப் பாக்கவே இல்லையே அத்தை."

"நீங்க யாரைப் பாத்தாலும் என் பல்லு பயப்படுது."

"அது பயம் இல்ல. ரெண்டு பக்கமும் சமமா மெல்லுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"அதைத்தான் சொல்றேன். நீங்க பட்டறைக்குக் கிளம்பிப் போனதும் நான் பச்சைக் கேரட்டே தின்னுடறேன். கேளுங்க இவளை."

மனைவி சிரித்துவிட்டாள். பல்செட்காரர் சிரிக்கவில்லை. அவர் மனசு முழுக்கப் பாலத்துக் கம்பிகள்.

மறுநாள் பட்டறையில் மெழுகு உருகிக்கொண்டிருக்க, அவர் வேலையை விட்டுவிட்டு ஆல்பங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி தன் கையால் தனக்கு அடித்துக்கொடுத்த உறைகளை மட்டும் தனியாக எடுத்து வரிசையாக வைத்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கப் பார்க்க முகம் இருண்டது. ஒன்றில் மை வழிந்திருந்தது. ஒன்றில் இரட்டையாக விழுந்திருந்தது. ஒன்றில் மாதம் பாதி. ஒன்றுகூட, ஒன்றே ஒன்றுகூட, சுத்தமாக இல்லை.

குப்பைக்கூடை பக்கத்திலேயே இருந்தது. பல் கிளினிக்குகளிலிருந்தும் கம்பெனிகளிலிருந்தும் அவருக்கு வந்த சாதாரணத் தபால் உறைகள் அதில் கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்தார். ஏதோ பற்பசை விளம்பரம். அதன்மேல் தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு ஒரு முத்திரை, கண்ணாடி மாதிரி, தெள்ளத்தெளிவாக! இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. குப்பைக்குப் போகிற உறைக்கெல்லாம் அந்தக் கை வாரி வழங்கியிருந்தது. ஊரில் யார் யாருக்கோ கொடுத்திருந்தது. தாலி கட்டின மனிதனுக்கு மட்டும் கருப்புத் திட்டு.

அவர் அந்த விளம்பர உறையைக் கசக்கி எறிந்தார். பிறகு எழுந்துபோய் எடுத்து, நீவி, ஆல்பத்துக்குள் வைத்தார். சேகரிப்பாளர் புத்தி எங்கே போகும்?

டிரைவருடைய பஸ் வரும் நேரம் பார்த்துத் தபால் நிலையத்துக்குப் போய், படிவம் எழுதும் மேசைக்குப் பின்னால், தூண் ஓரமாக நின்றார். ஒட்டுக்கேட்கிற வேலை என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

பஸ் வந்து நின்றது. டிரைவர் உள்ளே வந்தார். வரிசை நகர்ந்து அவர் முறை வந்ததும், ஒரு உறையைக் கவுண்டரில் வைத்தார்.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன். இன்னிக்கு லேட்டு போல?"

"ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கானுங்க."

அவ்வளவுதான் பேச்சு. அதோடு டிரைவர் கவுண்டரை விட்டு விலகி, வாசல் பக்கத்து ஜன்னலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மனைவி முத்திரையை மைப்பேடில் தொட்டாள். 'டப்' என்று சின்னச் சத்தம். டிரைவர் திரும்பி வந்தார், உறையைப் பார்க்கக்கூட இல்லை, பைக்குள் போட்டுக்கொண்டு, "வரேம்மா" என்று கிளம்பினார்.

ஆகா, என்ன நடிப்பு! பல்செட்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேருக்கு நேர் பார்க்கக்கூட கூச்சப்படுகிறவன் மாதிரி முதுகைக் காட்டுகிறான். அடித்துக் கொடுத்ததைச் சரிபார்க்கக்கூட மாட்டேன் என்கிறான். அவ்வளவு நம்பிக்கை! தனக்கே இத்தனை வருஷத்தில் வராத நம்பிக்கை இவனுக்கு எங்கிருந்து வந்தது?

அவர் தூணை விட்டு வெளியே வந்து, தன் கைப்பையைத் திறந்துகொண்டு கவுண்டருக்குப் போனார். உறைக்குள் நுழைக்க அட்டை, உறைக்கு அடியில் வைக்கப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் தகடு, அடித்துப் பார்க்க வெள்ளைத்தாள் என்று ஒவ்வொன்றாகப் பரப்பினார்.

"மையைக் குறைச்சுக்கோ. மொதல்ல தாள்ல ஒண்ணு அடி. ம், இன்னும் மை ஜாஸ்தி. இப்ப கவர்ல. இரு, இரு, கொஞ்சம் மேல. அவ்வளவு மேல வேண்டாம். நேரா பிடி. இப்ப அழுத்து. ஆட்டாதே!"

முத்திரை விழுந்தது. தேதிக்கு மேல் இன்னொரு தேதி நிழல் மாதிரி கிடந்தது.

"ஆடிடுச்சுங்க" என்றாள் மனைவி.

"டிரைவருக்கு ஆடலையே."

வாய் தவறி வந்துவிட்டது. அவள் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமா, களைப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றாள்.

நூற்றாண்டு விழா நெருங்க நெருங்க வீட்டில் அதே பேச்சாக இருந்தது. பெரிய அதிகாரி வருகிறார். அவர் முன்னால் முதல் உறைக்கு முத்திரை அடிக்கப்போவது மனைவி. அந்தப் புதுச் சிறப்பு முத்திரையைப் பெட்டியிலிருந்து பிரித்துப் பழைய பல்துலக்கியால் இடுக்கெல்லாம் சுத்தம் செய்ததை மாமியாரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். போட்டுக்கொள்ள நீல உடுப்பை இஸ்திரி போட்டு மாட்டிவைத்தாள். இவ்வளவு ஆர்வம் யாருக்காக என்று பல்செட்காரர் மனசுக்குள் ஒரு பொறி விழுந்தது. அந்த நாளில் டிரைவரும் வருவான். அவன் உறையும் கண்ணாடி மாதிரி விழும். தன் கடைசிப் பக்கத்தில் கருப்புத் திட்டு உட்காரும்.

அன்று சாயங்காலமே போஸ்ட்மாஸ்டரைப் பார்க்கப் போனார். போஸ்ட்மாஸ்டர் நல்ல மனிதர்; மேலே இருப்பவர்கள் தும்மினால் இவருக்கு ஜுரம் வந்துவிடும், அது ஒன்றுதான் குறை.

"சங்கத்துல ஒரு பேச்சு அடிபடுது சார்" என்று பல்செட்காரர் பொடி வைத்து ஆரம்பித்தார். "கவுண்டர்ல வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு ஆள் பாத்து சீல் அடிக்கிறாங்களாம். வேண்டியவங்களுக்கு மட்டும் நல்லா விழுதாம். பெரியவர் வர்ற நாள்ல யாராவது வாயைத் திறந்துட்டா உங்களுக்குத்தான் சங்கடம்."

டிரைவருக்கு இனிச் சலுகை கிடையாது, போஸ்ட்மாஸ்டர் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவைப்பார் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். போஸ்ட்மாஸ்டர் முகம் வெளுத்தது. பிறகு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மனசு யாருக்கு வரும் சார்! பெண்டாட்டி கவுண்டர்ல இருக்கறதால உங்களுக்கு நல்லா அடிக்கிறாங்கன்னு ஊர் பேசுது. அதை நீங்களே வந்து சொல்றீங்களே! கவலைப்படாதீங்க. அன்னிக்கு அவங்களைப் பார்சல் பக்கம் போட்டுடறேன். உங்க பேருக்கு ஒரு களங்கம் வரவிட மாட்டேன்."

பல்செட்காரர் வாயைத் திறந்தார். என்னவென்று சொல்வது? 'வேண்டியவர் நான் இல்லை சார், வேறொருத்தர்' என்று எந்தப் புருஷன் எந்த வாயால் சொல்லுவான்? திறந்த வாயை மூடிக்கொண்டு, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மனிதராகப் படியிறங்கினார்.

விழாவுக்கு முந்தின நாள் மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நான் பார்சல் கவுண்டராம்" என்றாள்.

மாமியார்தான் முதலில் கத்தினார். "என்னடி சொல்றே? பெரியவர் முன்னாடி நீதானே அடிக்கணும்?"

"யாரோ போஸ்ட்மாஸ்டர்கிட்ட போட்டுக்குடுத்திருக்காங்கம்மா. ஆள் பாத்து அடிக்கிறேன்னு." அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "சங்கத்து ஆள்னாரு. யாரா இருக்கும்ங்க?"

பல்செட்காரர் அவள் கழற்றாத செருப்பைப் பார்த்தார்.

"டிரைவரா இருக்குமோ?" என்று அவளே கேட்டாள்.

ஒரு தலையசைப்பு போதும், 'இல்லை' என்று. ஆனால் பொறாமை பிடித்தவனுக்கு அந்த நேரத்தில் கழுத்து ஒரு பக்கம்தான் அசையும்.

"இருக்கலாம்" என்றார்.

அவள் எழுந்துபோய் மாட்டியிருந்த நீல உடுப்பை எடுத்து மடித்து அலமாரிக்குள் வைத்தாள்.

விழா நாளில் தபால் நிலையம் நிரம்பி வழிந்தது. ஆளுக்கு இரண்டு உறைதான். பெரிய அதிகாரி வந்து நாலு வார்த்தை பேசினார். சிறப்புக் கவுண்டரில் பார்சல் அறையிலிருந்து கொண்டுவந்து உட்காரவைத்த ஆள் இருந்தார். இத்தனை நாளும் சாக்கு மூட்டைக்கு முத்திரை அடித்த கை அது. முதல் உறையை மூட்டை என்றே நினைத்து ஓங்கி ஒரு குத்து குத்தினார். அதிகாரி அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தார். போஸ்ட்மாஸ்டரின் நெற்றியில் வியர்வை வழிந்தது.

வரிசை நகர நகர முனகலும் வளர்ந்தது. எல்லார் உறையிலும் ஒரே சேறு. பல்செட்காரரின் முதல் உறையும் அப்படியே ஆனது. இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ என்று அவர் சொன்னது அந்த ஆளின் காதில் ஏறவே இல்லை. தூரத்தில் பார்சல் கவுண்டரில் மனைவி சும்மா உட்கார்ந்திருந்தாள். யாரும் அன்று பார்சல் அனுப்ப வரவில்லை.

ஜன்னல் ஓரத்தில் டிரைவர், கறை படிந்த உறையை விசிறி மாதிரி ஆட்டி மையைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டம்மா இல்லாம போச்சே சார்" என்றார். "அவங்க அடிச்சா அடிதான்."

பல்செட்காரருக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கு மட்டும் எப்படிங்க அவ்வளவு நல்லா விழுது?"

"எனக்கென்ன தெரியும்? நான் பாக்கறதே இல்லையே. ஒருநாள் நான் உள்ள நிக்கிறப்ப எவனோ பஸ்ல ஏறி, பிரேக்கை எடுத்துவிட்டுட்டான். வண்டி தானா உருள ஆரம்பிச்சிடுச்சு! அதுலேர்ந்து கவரை வெச்சதும் இங்க வந்து நின்னுடுவேன். பஸ்ஸை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன்." டிரைவர் வெளியே பார்த்துக்கொண்டே சிரித்தார். "உங்களுக்கென்ன, பக்கத்துல நின்னு, இப்படி அடி அப்படி அடின்னு கேட்டு வாங்கிக்கலாம். உங்களைப் பாத்தா எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கும் சார். சொல்றதுக்கென்ன?"

பல்செட்காரர் அந்தக் காக்கிநிற முதுகைப் பார்த்தார். நடிப்பு என்று நினைத்தாரே, அந்த முதுகு! அது ஒரு பஸ்ஸுக்காகத் திரும்பின முதுகு. 'நீங்க பாத்தா இந்தப் பல்லு மெல்லவே மாட்டேங்குது' என்று மாமியார் சொன்னது அப்போதுதான் அவரைக் கடித்தது.

பெரிய அதிகாரி கிளம்பிப்போனதும் போஸ்ட்மாஸ்டர் ஓட்டமும் நடையுமாகப் பார்சல் கவுண்டருக்குப் போய்க் கையைப் பிசைந்தார். மனைவி எழுந்துவந்து சிறப்புக் கவுண்டரில் உட்கார்ந்தாள். முதல் உறை போனது போனதுதான். அதை யாரும் திருப்பித் தர முடியாது. ஆனாலும் அவள் முத்திரையைத் துடைத்தாள், பேடை மாற்றினாள், வேலையைத் தொடங்கினாள். 'டப்', 'டப்' என்று மெல்லிய சத்தம் கேட்டது. வரிசையிலிருந்த முனகல் அடங்கியது. டிரைவர் தன் இரண்டாவது உறையை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்து வாங்கிக்கொண்டார்.

அடுத்தது பல்செட்காரர். பையைத் திறக்கவில்லை. அட்டை, ரப்பர் தகடு ஒன்றையும் எடுக்கவில்லை. மீதியிருந்த ஒரே உறையைக் கவுண்டரில் வைத்தார்.

"சொல்லுங்க" என்றாள் மனைவி. "மேலயா, கீழயா?"

"போட்டுக்குடுத்தது நான்தான்."

"தெரியும். போஸ்ட்மாஸ்டர் வயித்துல எந்த ரகசியம் தங்கியிருக்கு? நேத்தே தெரியும்."

"அப்புறம் ஏன் கேட்டே?"

"நீங்களே சொல்லுவீங்களான்னு பாத்தேன். நீங்க அந்த மனுஷன் தலையில கட்டிட்டீங்க." அவள் குரல் உயரவில்லை, ஆனால் முத்திரையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. "எத்தனை வருஷமா உங்களுக்கு ஒண்ணாவது நல்லா அடிச்சிடணும்னு பாக்கறேன் தெரியுமா? நீங்க வந்து நின்னதும் கை நடுங்க ஆரம்பிச்சிடும். வீட்ல நடுங்குது, இங்கயும் நடுங்குது. ஊருக்கே ஒழுங்கா அடிக்கிறேன். உங்களுக்குத்தான் முடியல."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"போய் ஜன்னல்கிட்ட நில்லுங்க" என்றாள்.

போனார். வெளியே டிரைவரின் பஸ் ஜன்னலை ஒட்டினாற்போல் நின்றிருந்தது. அதன் இருட்டில் ஜன்னல் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருப்பதெல்லாம் அதில் தெரிந்தது. பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தார். சத்தியமாக நினைத்தார். ஆனால் கவுண்டர் கண்ணெதிரே தெரிந்தது, அதில் அவள் தெரிந்தாள். நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, தோள் தளர்ந்து, சின்னப் பெண் கோலி விளையாடக் குறிபார்க்கிற மாதிரி ஒரு முகம். இத்தனை வருஷம் முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றவர் அந்த முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் நல்லா அடித்துக்கொடுத்தது இந்த முகம்தானா! கவுண்டரில் நின்ற முன்பின் தெரியாதவர்கள் எல்லோர்மேலும் அவருக்கு ஒரேயடியாகப் பொறாமை வந்தது.

அவள் நிமிர்ந்தாள். கண்ணாடியில் இருவர் கண்களும் சந்தித்தன. 'டப்' என்று கேட்டது.

அவர் திரும்பி வந்தார். வட்டம் முழுசாக இருந்தது. எழுத்தும் இருந்தது. தேதியின் கடைசி எண் மட்டும் வால் முளைத்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"பாத்துட்டீங்க" என்றாள்.

"சீலைப் பாக்கல. உன்னைத்தான் பாத்தேன்."

"எதைப் பாத்தாலும் கை ஆடுது." அவள் உதடு சிரிக்கப் பார்த்தது, அவள் விடவில்லை. "டிரைவர் இன்னும் கிளம்பல. போய்ச் சொல்லிட்டு வாங்க, அவரைப் பத்தி என்ன சொன்னீங்கன்னு. அப்புறம் வீட்டுக்கு வாங்க."

அவர் அந்த பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, நாலாவது நிறுத்தத்தில் சொன்னார். டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டு, பிறகு வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை.

கண்காட்சியில் 'ஒரே நிலையம்' பிரிவில் டிரைவருக்கு முதல் பரிசு. ஆல்பத்துப் பக்கங்களைச் செருகி நாடா கட்டின டிரைவரின் சட்டத்தைப் பார்த்தபோது பல்செட்காரருக்கு வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே எரிந்தது. அவர் சட்டத்துக்கு ஒன்றும் இல்லை. சங்கச் செயலாளர் பூதக்கண்ணாடியோடு வந்து, அதன் கடைசிப் பக்கத்தில் குனிந்தார். கொஞ்சம் தள்ளி நீல உடுப்பில் மனைவி, அம்மாவுக்கு ஏதோ காட்டிக்கொண்டு நின்றாள்.

"இது உங்க வீட்டம்மா அடிச்சதா?" என்றார் செயலாளர். "நம்பவே முடியலயே. அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல எல்லாருக்கும் அருமையா அடிச்சாங்களே. உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?"

பல்செட்காரர் தேதியின் அந்த வாலைப் பார்த்தார்.

"நான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.